பொம்மை முகமும் மனுசக் குரலும்

எங்கள் வீட்டில் காதல் பாட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாகர்கோவில் கோட்டாற்றில் பெரியப்பா, சித்தப்பா, நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். படிப்புரையை ஒட்டிய அறையில் ஸ்டூல் போட்டு அதன் மேல் டூ-இன்-ஒன் வைத்திருக்கும். பெரியப்பா கடை அடைத்து வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் டூயட் பாதியில் நிற்கும். அணைக்கச் சொல்லி அவர் வாய் திறந்ததில்லை. துண்டை உதறித் தோளில் போடும் சத்தம் போதும். அவர் மகள், எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா, எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்கிவிடுவாள்.

அதே பெரியப்பாவுக்குத்தான் ஒவ்வொரு பாட்டையும் யார் எழுதினார், யார் பாடினார் என்பது அத்துப்படி. அவர் வானொலியில் வளர்ந்த மனிதர். இலங்கை வானொலி எங்கள் பக்கத்தில் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்ட காலத்தில் அவருக்கு வாலிபம். 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் வானொலி தொடங்கியது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகே பாட்டு வரும். பெரியப்பா அந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தார். தெருவில் எங்கோ குழாய் ஒலிபெருக்கியில் ஒரு காதல் பாட்டு கேட்டால், கண்ணை மூடியபடியே, "எழுதினது வாலியாக்கும். பாடினது பாலசுப்பிரமணியம், கூட ஜானகி" என்பார். பாட்டை வீட்டுக்குள் விடமாட்டார். பாடியவர் பெயரை விட்டுக்கொடுக்கவும் மாட்டார்.

அந்தச் சட்டத்தை மீறி எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் காதல் பாட்டு ஒரு கார்ட்டூன் படத்தினுடையது. பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. குடும்பத்தின் மூத்த பையன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது கொண்டுவந்த கேசட்டுகளில் 'அலாதீன்' ஒன்று. அலாவுதீன் கதை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. 1957இல் நாகேஸ்வர ராவும் அஞ்சலிதேவியும் நடித்த படம் உண்டு. 1979இல் ஐ.வி. சசி இயக்கத்தில் கமலும் ரஜினியும் நடித்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' மலையாளத்திலும் தமிழிலும் வந்தது. இரண்டு மொழியும் புழங்கும் எங்கள் மாவட்டத்தில் எந்த மொழியில் பார்த்தோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது. அதனால் கேசட்டின் அட்டையில் விளக்கையும் பூதத்தையும் பார்த்ததும் பெரியப்பா, "பிள்ளையளுக்கு உள்ள படமாக்கும், இங்கிலீசும் படிச்ச மாதிரி ஆச்சு, போடட்டும்" என்றார். அப்படித்தான் 'எ ஹோல் நியூ வேர்ல்ட்' என்ற அந்த டூயட், சாய்வு நாற்காலிக்கு நாலடி தள்ளி, முழுச் சத்தத்தில் ஒலித்தது.

அக்கா அப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். அது என்ன பாட்டு என்று அவளுக்குத் தெரியும். கம்பளத்தில் ஏறிப் பறக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிற பாட்டு. அரண்மனை மதிலுக்கு வெளியே உலகத்தையே பார்த்திராத ஒரு பெண்ணுக்கு ஒருவன் அதைக் காட்டுகிறான். கோட்டாற்று வீட்டின் அடுக்களையில் நின்று அதைக் கேட்ட அக்காவுக்கு அது வெறும் பொம்மைப் படப் பாட்டாக இருந்திருக்க வழியில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வார்த்தைகளை எழுதி எடுத்தாள். ஒரு வரி ஓடும், நிறுத்துவாள், எழுதுவாள், பின்னால் சுற்றுவாள், மறுபடி ஓடவிடுவாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றியதில் நாடா இழுபட்டு, அந்த இடம் வரும்போது மட்டும் பெண் குரல் சற்றுத் தாழ்ந்து குழையும். நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவது என் வேலை. இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் என் காது அந்த இடத்தில் குரல் குழையும் என்று எதிர்பார்க்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் சர்ச் கொயரில் ஆல்டோ பாடுகிறவள். 1819இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹோம் சர்ச் இருக்கும் ஊர் இது. லண்டன் மிஷன்காரர்கள் இங்கே பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் கொண்டுவந்ததோடு நான்கு குரல் சேர்ந்து பாடும் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அதனால் ஒரு மேல்நாட்டு டூயட்டைக் கேட்டதும் எது மேல் குரல், எது கீழ்க் குரல் என்று பிரித்துப் பாட அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்காவும் அவளும் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே அந்தப் பாட்டை இரண்டு குரலில் பாடுவார்கள். பெரியம்மா கேட்டுவிட்டு, "நல்ல பக்திப் பாட்டு" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பாட்டின் பின்னால் இருந்தவர்களைப் பற்றி நான் படித்தது வெகுநாள் கழித்து. டிஸ்னி நிறுவனத்தின் 'அலாதீன்' 1992 நவம்பரில் வெளிவந்தது. இசை ஆலன் மென்கென். அவரோடு சேர்ந்து பாட்டெழுதிவந்த ஹோவர்ட் ஆஷ்மன் படம் முடியும் முன்பே, 1991 மார்ச்சில், எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். அவர் விட்ட இடத்தில் டிம் ரைஸ் வந்து சேர்ந்து மென்கெனோடு எழுதியது இந்தப் பாட்டு. 1993இல் ஆஸ்கர் வாங்கியது. பீபோ பிரைசனும் ரெஜினா பெல்லும் பாடிய இன்னொரு வடிவம் அதே ஆண்டு மார்ச்சில், பதினான்கு வாரம் முதலிடத்தில் இருந்த விட்னி ஹூஸ்டனின் பாட்டை இறக்கிவிட்டு, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

இதையெல்லாம்விட என்னைத் தொட்ட செய்தி வேறு. படத்தில் இளவரசி ஜாஸ்மினுக்குப் பேசியவர் லிண்டா லார்கின். பாடியவர் லியா சலோங்கா, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், அப்போது இருபது வயதை ஒட்டியவர். அலாதீனுக்குப் பேசியவர் ஸ்காட் வெயிங்கர், பாடியவர் பிராட் கேன். வரைந்த இரண்டு முகங்களுக்கு நாலு பேருடைய தொண்டை. ஆங்கிலேயனுக்கு இது புதுமையாக இருக்கலாம். முகம் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது, பாட்டு மூன்றாமவருடையது என்பது தமிழ்ப் படம் பார்க்கிறவனுக்கு அன்றாட வழக்கம். மணிமேடைச் சந்திப்பில் சிலையாக நிற்கும் எங்கள் ஊர்க் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தன் பாட்டைத் தானே பாடினார். ஒழுகினசேரியில் பிறந்த அந்த மனிதரின் முகமும் குரலும் ஒன்றாகவே திரைக்குப் போயின. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடியபோது குரல் முகத்தை விட்டுப் பிரிந்தது. அன்றிலிருந்து காதல் செய்யும் முகத்தை ஒரு கண்ணாலும், பாடும் ஆளை இன்னொரு கண்ணாலும் பார்க்கத் தெரிந்த ரசிகர்கள் நாம். பெரியப்பா சொல்லிவந்த பெயர் வரிசை அந்த இரண்டாவது கண்.

அக்கா கல்யாணம் தக்கலைப் பக்கம் நடந்தது. நாதஸ்வரம், தவில், பிறகு குழாய் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டில் தொடங்கிச் சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டு வேண்டும் என்று அக்காவை யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணிடம் அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. அவளும் அத்தானும் ஒரே இலையின் இரண்டு ஓரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். ஓலனும் எரிசேரியும் அடைப்பிரதமனும் ஊரே மெச்சும்படி இருந்தன. அந்த நோட்டுப் புத்தகத்தை அவள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோனாளா என்று எனக்குத் தெரியாது.

தமிழுக்கு அப்படி ஓர் அனிமேஷன் காதல் பாட்டு வர இன்னும் பல வருடம் ஆயிற்று. 2007இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' என்ற முப்பரிமாண அனிமேஷன் படம் வந்தது. அதன் பிறகு 2014 மே 23 அன்று 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம், கே.எஸ். ரவிகுமாரின் கதை, ஏ.ஆர். ரஹ்மான் இசை. நடிகர்கள் உடம்பில் கருவிகளைப் பொருத்திக்கொண்டு அசைய, அந்த அசைவைக் கணினி வாங்கி இன்னொரு உடம்புக்குக் கொடுத்தது. படப்பிடிப்பின் ஒரு பகுதி எங்களுக்கு அடுத்த ஊரான திருவனந்தபுரத்தில் நடந்ததால், இங்கே பேச்சு முன்னமே தொடங்கிவிட்டது. படம் வந்ததும் எல்லாரும் போனோம். திரும்பி வரும்போது பேச்சு மாறியிருந்தது. "பொம்மைப் படம்டே. கண்ணுல உயிரில்ல" என்று அத்தான் சொன்னார். ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது. 2009இல் காலமான நாகேஷைக் கணினியால் மீட்டு நடமாடவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே வந்தன.

படம் போன வேகத்தில் போயிற்று. 'மெதுவாகத்தான்' என்ற காதல் பாட்டு மட்டும் தங்கிவிட்டது. பேருந்தில், ஆட்டோவில், கடைத்தெருவில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. படத்தைக் குறை சொன்னவர்களும் பாட்டை விடவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எழுதியவர் வாலி. 1931இல் பிறந்து, 1958இல் 'அழகர்மலைக் கள்வன்' படத்தில் முதல் பாட்டெழுதி, ஐம்பது ஆண்டுக்கு மேல் தமிழனின் காதலுக்கு வார்த்தை கொடுத்தவர். பாட்டு வெளிவந்தபோது அவர் இல்லை. 2013 ஜூலை 18 அன்று காலமாகிவிட்டார். பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். 1969இல் தமிழில் அறிமுகமானவர், 'கோச்சடையான்' வரும்போது அறுபத்தேழு வயது. உடன் பாடியவர் மராட்டியத்துச் சாதனா சர்கம். 'அழகி' படத்தில் இளையராஜா இசையில் பாடித் தேசிய விருது பெற்றவர். எண்பதைத் தாண்டியவர் எழுதி, அறுபதைத் தாண்டியவர் பாட, கணினி வரைந்த இளைஞன் காதலிக்கிறான். கேட்கிற யாருக்கும் அதில் முதுமை தென்படவில்லை.

எஸ்.பி.பி. ஒரு சொல்லை எடுக்கும்போதே அதற்குள் ஒரு சிரிப்பை வைத்துவிடுவார். உதடு விரிவது காதுக்குத் தெரியும். அடுத்த சொல்லுக்குப் போகுமுன் எடுக்கும் சிறு மூச்சை அவர் ஒளிப்பதில்லை; காதலைச் சொல்ல வந்தவன் ஒரு நொடி தயங்குகிற மாதிரி அதைப் பாட்டுக்குள் சேர்த்துவிடுவார். திரையில் கணினியால் தரமுடியாத கண்ணின் உயிரை அந்த மூச்சு தந்தது. பொம்மைப் படத்தில் மனுசனாக இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். 'அலாதீனு'க்கும் அதே கதைதான். காகிதத்தில் வரைந்த பெண்ணை நாங்கள் நம்பியது மணிலாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தொண்டையை நம்பித்தான். அனிமேஷன் காதல் பாட்டின் மொத்த பாரத்தையும் பாடுகிறவர் சுமக்கிறார்.

இப்போது காலம் மாறிவிட்டது. அக்காள் மகளின் கல்யாண வரவேற்பு நாகர்கோவிலில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. பாட்டுப் பட்டியலைப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதக்கணக்காகப் பேசி முடிவு செய்தார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வந்தது 'மெதுவாகத்தான்' பாட்டுக்கு. கேக் வெட்டும்போது அக்காவின் பழைய ஆங்கில டூயட். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்தவர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். எனக்கு மனசு நிறைந்தது. அக்காவுக்குக் கிடைக்காதது அவள் மகளுக்குக் கிடைத்ததில் சந்தோஷப்படாமல் வேறெதற்குச் சந்தோஷப்படுவது?

அறிவிப்பாளர் பையன் மைக்கில் சொன்னது ஒன்றுதான் உறுத்தியது. "அடுத்தது சூப்பர் ஸ்டார் பாட்டு" என்றான். வாலி இல்லை, பாலசுப்பிரமணியம் இல்லை, சாதனா சர்கம் இல்லை. ஆங்கிலப் பாட்டுக்கு, "டிஸ்னி பாட்டு" என்றான். அன்றைக்குப் பாட்டு வாசலில் நின்றது, பாடியவர் பெயர் வீட்டுக்குள் இருந்தது. இன்றைக்குப் பாட்டு மேடைக்கே வந்துவிட்டது, பெயர் வாசலோடு போய்விட்டது. பெயர் போனால் என்ன என்று கேட்கலாம். இப்போது அதற்கு முன்னைவிடப் பெரிய காரணம் வந்திருக்கிறது.

பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கும்போது சொந்தக்காரப் பையன் ஒருவன் போனை நீட்டினான். எஸ்.பி.பி. குரலில் ஒரு புதுப் பாட்டு. அவர் 2020 செப்டம்பர் 25 அன்று காலமானார். அந்தப் பாட்டு அதற்குப் பிறகு வந்தது. செயற்கை நுண்ணறிவில் செய்தது என்று பெருமையாகச் சொன்னான். அக்கா போனைக் காதோடு வைத்து முழுசும் கேட்டாள். "கொரல் அவருதான். மூச்சு எடுக்குத இடம் அவரு எடுக்குத இடம் இல்ல மக்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாடாவைத் தேயத் தேய ஓடவிட்டு மூச்சுக்கு மூச்சு எழுதி எடுத்தவளின் காது அது.

பத்தே ஆண்டில் நிலைமை தலைகீழானதை யோசித்துப் பார்க்கிறேன். 2014இல் ரஜினியின் இளைய மகள் எடுத்த படத்தில் முகத்தைக் கணினி செய்தது, குரல் நிஜம். 2024இல் மூத்த மகள் ஐஸ்வர்யா எடுத்த 'லால் சலாம்' படத்தில் முகங்கள் நிஜம். ஒரு பாட்டில் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் கணினி செய்தது. இரண்டு படத்துக்கும் இசை ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அது முறை. அதே ஆண்டின் தொடக்கத்தில், 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் தன் தந்தையின் குரலைக் கேளாமல் செயற்கையாக உண்டாக்கியதாகச் சொல்லி எஸ்.பி.பி.யின் மகன் எஸ்.பி. சரண் சட்ட அறிவிக்கை அனுப்பிய செய்தி வந்தது. மகன் தந்தையின் குரலுக்காக வழக்கறிஞரிடம் போகவேண்டிய காலம் இது.

அந்த ஆண்டு இப்படிப்பட்ட பாட்டுகள் இன்னும் வந்தன. 'கோட்' படத்தில், ஜனவரியில் மறைந்த தமக்கை பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா மீட்டுக் கொண்டுவந்தார். 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவன் மறுபடி பாடினார். அவர் மகன் யுகேந்திரனும் கூடப் பாடியிருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக ரஜினி நடித்த படம் அது. மலையாளமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு எங்கள் ஊர்த் திருவிழாவெல்லாம் ஒலித்தது. ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் குரலுக்குரியவர் உயிரோடு இல்லை என்று தெரியும்?

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. தம்பி தமக்கையின் குரலைக் கேட்க ஆசைப்படுவதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஒரு குரல் என்பது ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பாடிப் பாடிச் சேர்த்த சொத்து. பொம்மை முகத்தை உயிருள்ளதாக்கியது அந்தச் சொத்துதான். அதை எடுக்க வேண்டுமானால் கேட்டு எடுக்க வேண்டும், கூலி கொடுத்து எடுக்க வேண்டும், எடுத்ததைச் சபையில் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாமும்தான். பாடியவர் யாரென்றே தெரியாத ரசிகனிடம் எந்தக் குரலையும் எவர் பெயரிலும் விற்றுவிடலாம்.

ஆகவே நாஞ்சில் நாட்டுக்காரர்களிடமும், கல்யாணம் நடத்தும் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். மண்டபத்தில் மைக் பிடிக்கும் பையனிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எழுதியவர் வாலி, இசை ஏ.ஆர். ரஹ்மான், பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், சாதனா சர்கம். கணினி செய்த குரல் என்றால் அதையும் எழுதுங்கள். படித்து முடிக்கப் பத்து நொடி ஆகும். நாகர்கோவில் வானொலி இத்தனை ஆண்டாகச் செய்துவரும் வேலைதான் அது, நம்மாலும் முடியும்.